தாமதம் நேர்ந்தால் தகவல் சொல்லுங்கள்

நேர்காணலை எதிர்கொள்வது எப்படி என்று கற்பிக்கும் நூல்களுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் இன்று பஞ்சமில்லை. எப்படி உடுத்த வேண்டும், எப்படி அமர வேண்டும், எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று அனைத்தும் சொல்லித் தரப்படுகின்றன. ஆனால், நேர்காணலுக்குச் செல்லும் வழியில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டால், நிறுவனத்துக்கு யார், எப்போது, என்ன சொல்வது என்பதை மட்டும் எவரும் கற்பிப்பதில்லை. இது அற்பமான செய்தி எனத் தோன்றலாம். திமிரி போன்ற சிற்றூர்களிலிருந்து வேலை தேடிப் புறப்படும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளைப் பொருத்தவரை அப்படியல்ல. பல மாதக் காத்திருப்புக்குப் பின் கிட்டிய ஒரு வாய்ப்பு, ஐந்து நிமிடப் பேச்சு நிகழாததால் கைநழுவிப் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எங்கள் பகுதியில் வேலைவாய்ப்பின் எல்லைகள் விரிந்துவிட்டன. ஒரு காலத்தில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்களும், ராணிப்பேட்டையின் பெல் நிறுவனமும் சிப்காட் வளாகமுமே இங்குள்ள இளைஞர்களின் இலக்குகளாக இருந்தன. இன்று அவர்களுடைய அழைப்புக் கடிதங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சென்னை, பெங்களூரு முகவரிகளிலிருந்து வருகின்றன. ராணிப்பேட்டை மாவட்டத்திலேயே பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டிலான டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. வாய்ப்புகள் பெருகுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், வாய்ப்புக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள தொலைவும் அதனுடன் சேர்ந்தே பெருகியிருக்கிறது.

திமிரியிலிருந்து காலை பத்து மணி நேர்காணலுக்கு ஸ்ரீபெரும்புதூர் செல்ல வேண்டிய ஒருவரின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். முதலில் ஆரணி சாலையில் ஆற்காட்டுக்குப் பேருந்து. அங்கிருந்து பாலாற்றைக் கடந்து, பெங்களூரு - சென்னை நெடுஞ்சாலையில் செல்லும் வேறொரு பேருந்து. இறங்கிய இடத்திலிருந்து ஆலை வாயிலுக்கு ஷேர் ஆட்டோ. மூன்று வண்டிகளில் எது தாமதித்தாலும் மொத்தப் பயணமும் தாமதிக்கும். அந்த நெடுஞ்சாலையின் நிலையும் ஊரறிந்தது. மதுரவாயலுக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையே சாலை பழுதுபட்டிருந்ததால், சுங்கக் கட்டணத்தில் பாதியை மட்டுமே வசூலிக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. சென்னையிலேயே வசிப்பவர் ஒரு வண்டியைத் தவறவிட்டால் பத்து நிமிடத்தில் அடுத்ததைப் பிடிக்கிறார். திமிரியில் வசிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே, தாமதம் என்பது எப்போதும் ஒருவரின் ஒழுக்கக்குறை ஆகாது. பல நேரங்களில் அது அவர் பிறந்து வளர்ந்த ஊரின் தொலைவே.

இந்தத் தொலைவை நிறுவனம் அறியாது என்பதுதான் சிக்கல். பொருளியலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. வேலை கேட்டு வருபவரின் உண்மையான திறன் அவருக்குத்தான் தெரியும்; வேலை தருபவருக்குத் தெரியாது. எனவே வேலை தருபவர் வெளியே தெரியும் குறிப்புகளைக் கொண்டு உள்ளே இருப்பதை ஊகிக்கிறார். பட்டம் அத்தகைய ஒரு குறிப்பு என்பதை மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் வெளியான தம் ஆய்வுக்கட்டுரையில் விளக்கினார். தகவல் சமனின்மை குறித்த ஆய்வுகளுக்காக ஜார்ஜ் அகர்லாஃப், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்கு 2001-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குறித்த நேரத்தில் வருவதும் இத்தகைய குறிப்பே. வராதபோது, அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: ஒன்று, அக்கறையின்மை, மற்றொன்று, தவிர்க்க இயலாத இடையூறு. எந்தத் தகவலும் இல்லாத நிலையில் தேர்வுக் குழு முதல் காரணத்தையே எடுத்துக்கொள்ளும். அதைக் குறை கூற இயலாது; அவர்கள் முன் இருப்பது ஒரு வெற்று நாற்காலி மட்டுமே. ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. அக்கறையற்றவர் நேர்காணலுக்கு ஒரு மணி நேரம் முன்பே கடிகாரத்தைப் பார்த்து, கணக்கிட்டு, நிறுவனத்தின் எண்ணைத் தேடி அழைக்கமாட்டார். அழைப்பதற்குப் பணம் செலவில்லை, முன்யோசனைதான் செலவாகிறது. அதனாலேயே அந்த அழைப்பு நம்பத்தக்க குறிப்பாகிறது. தாமதம் உண்டாக்கிய தவறான எண்ணத்தை முழுமையாக இல்லாவிட்டாலும் பெருமளவு அது திருத்திவிடுகிறது.

கல்லூரிப் பணிக்காலத்தில் பணிநியமனக் குழுக்களில் உறுப்பினராக அமர்ந்திருக்கிறேன். முன்கூட்டித் தகவல் சொன்னவர்களின் பெயரைப் பட்டியலின் இறுதிக்கு மாற்றிவிட்டு அடுத்தவரை அழைப்போம். எங்கள் வேலை தடைபடாது. அவருக்கும் வாய்ப்பு இருக்கும். தகவல் சொல்லாமல் அரைமணி நேரம் கழித்து மூச்சிரைக்க வந்து நின்றவர்களின் நிலை வேறு. அதற்குள் குழு பத்து நிமிடம் வீணாகக் காத்திருந்திருக்கும். 'வரவில்லை' என்று கோப்பில் எழுதியும் இருக்கும். எழுதியதை அடித்துத் திருத்தச் சொல்வது எந்த அலுவலகத்திலும் எளிதன்று. இரக்கம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற வேறுபாடு இங்கே இல்லை. தகவல் இருந்தால் குழுவால் மாற்று ஏற்பாடு செய்ய முடிகிறது, இல்லாவிட்டால் முடிவதில்லை. அவ்வளவே.

அப்படியானால் நம் பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? மாணவர்களுடன் பேசியதில் நான்கு காரணங்களை உணர்ந்திருக்கிறேன். முதலாவது, பணிவு பற்றிய தவறான எண்ணம். பெரிய அதிகாரியை நாமாக அழைப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று வீட்டில் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். இரண்டாவது, ஆங்கில அச்சம். மறுமுனையில் இருப்பவர் ஆங்கிலத்தில் பேசினால் என்ன செய்வது என்ற கலக்கத்திலேயே கைப்பேசியைப் பையில் வைத்துவிடுகிறார்கள். மூன்றாவது, எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை, சொல்ல வேண்டிய நேரம் கடந்து போகும்வரை நீடிக்கும். நான்காவது, வெட்கம். தாமதமாகிவிட்டது என்று உறுதியானதும் பாதி வழியிலேயே இறங்கி ஊர் திரும்பியவர்கள் உண்டு. வீட்டில் 'நேர்காணல் சரியாக அமையவில்லை' என்று சொல்லிவிடுவார்கள். நடக்காத நேர்காணலில் தோற்றவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை.

இனி, செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். முதல் வேலை முந்தைய நாளிலேயே தொடங்குகிறது. அழைப்புக் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ உள்ள தொடர்பு எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்தாலும் அருகில் அமர்ந்திருப்பவரின் பேசியில் அழைக்க அந்தத் தாள் உதவும். கடிதத்தில் எண் இல்லையெனில், முந்தைய நாளே மின்னஞ்சலில் கேட்டுப் பெறுவதில் தவறில்லை.

இரண்டாவது, எப்போது சொல்வது? நேர்காணல் நேரம் வந்த பிறகு சொல்வது தகவலாகாது. அவர்களுக்கு முன்பே தெரிந்ததைத் திரும்பச் சொல்வதுதான். குறித்த நேரத்தில் சேர இயலாது என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த அந்த நிமிடமே அழைக்க வேண்டும். பத்து மணி நேர்காணலுக்குக் காவேரிப்பாக்கத்தில் ஒன்பது மணிக்குப் பேருந்து நின்றுவிட்டது என்றால், ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குள் அழைப்பு போய்விட வேண்டும். அடுத்த வண்டி எப்போது வரும் என்று தெரியட்டும், பிறகு சொல்லலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. தெரிந்ததை இப்போது சொல்லுங்கள். மாற்றம் இருந்தால் மீண்டும் சொல்லுங்கள்.

மூன்றாவது, எந்த வழியில் சொல்வது? முதலில் தொலைபேசி அழைப்பு. எடுக்காவிட்டால் குறுஞ்செய்தி அல்லது வாட்ஸ்ஆப். அதோடு அழைப்பு வந்த மின்னஞ்சலுக்கே ஒரு பதில். நேர்காணல் அறையில் இருக்கும் அதிகாரி மின்னஞ்சலைப் பார்க்கமாட்டார் என்பதால் மின்னஞ்சலை மட்டும் நம்பக் கூடாது. ஆனால் பின்னர் நீங்கள் தகவல் சொன்னதற்கு அதுவே எழுத்துச் சான்று. இரு சக்கர வண்டியில் செல்பவர்கள் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேச வேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எந்த வேலையும் உயிரைவிடப் பெரிதல்ல.

நான்காவது, என்ன சொல்வது? ஐந்து செய்திகள் போதும்: உங்கள் பெயர், எந்தப் பணிக்கு, எத்தனை மணிக்கு நேர்காணல் என்பது, இப்போது எங்கே இருக்கிறீர்கள், காரணம் ஒரே வரியில், எப்போது வந்து சேர்வீர்கள், அப்போது சந்திக்க இயலுமா என்ற கேள்வி. "வணக்கம் ஐயா. இன்று பத்து மணிக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பணிக்கான நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவன் பேசுகிறேன், என் பெயர் இது. வந்துகொண்டிருந்த பேருந்து காவேரிப்பாக்கத்தில் பழுதாகிவிட்டது. வேறு வண்டியில் பத்தே முக்காலுக்குள் வந்துவிடுவேன். அதன்பின் என்னைச் சந்திக்க இயலுமா? சிரமத்துக்கு வருந்துகிறேன்." இவ்வளவுதான். இதை அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் இயங்கும் நிறுவனத்தின் அலுவலரிடம் இதைத் தமிழில் சொல்வதில் எந்தத் தாழ்வும் இல்லை. ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றினால், இந்த ஐந்து வரிகளை முந்தைய நாளே ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஊரின் பெயரையும் நேரத்தையும் மட்டும் மாற்றினால் போதும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அழைப்பவர் நீங்களாகவே இருக்க வேண்டும். அப்பாவோ அண்ணனோ மாமாவோ அழைத்து, 'பிள்ளை வந்துகொண்டிருக்கிறான், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது நம் ஊரில் பாசத்தின் வெளிப்பாடு. நிறுவனத்தில் அது வேறு பொருள் கொள்ளும். பெண் பிள்ளைகளின் பெயரில் வீட்டில் தனிக் கைப்பேசி இல்லாதபோது, நேர்காணல் நாளில் மட்டுமாவது வீட்டுப் பேசியை அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள். அதைப் பெற்றோரிடம் நான் வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

வந்து சேரும் நேரத்தைக் கணிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முக்கால் மணி நேரம் ஆகும் என்று தெரிந்தும் 'இருபது நிமிடம்' என்பார்கள். குறைத்துச் சொன்னால் கோபம் குறையும் என்ற எண்ணம். இருபது நிமிடம் கடந்ததும் ஒரு தாமதம் இரண்டாகிவிடுகிறது. கூடவே சொல் தவறியவர் என்ற பெயரும் சேர்கிறது. உங்கள் மதிப்பீட்டுடன் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிச் சொல்லுங்கள். போக்குவரத்து நெரிசலின் பொருளியலை 1969-இல் ஆராய்ந்த வில்லியம் விக்ரே, முன்னதாகச் சேர்வதற்கும் ஒரு செலவுண்டு, பின்னதாகச் சேர்வதற்கும் ஒரு செலவுண்டு, பயணிகள் இவ்விரண்டையும் எடைபோட்டே புறப்படுகிறார்கள் என்று காட்டினார். நேர்காணலைப் பொருத்தவரை இந்தத் தராசு சமமானதல்ல. ஒரு மணி நேரம் முன்னதாகச் சேர்ந்தால் இழப்பு ஒரு கோப்பைத் தேநீரும் சற்றுச் சலிப்பும். அரைமணி பின்னதாகச் சேர்ந்தால் இழப்பு வேலையாகவே இருக்கலாம். ஆகவே, வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிடுவதைவிட, மோசமான நாளில் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுப் புறப்படுவதே அறிவுடைமை.

காரணம் சொல்லும்போது உண்மையை மட்டுமே சொல்லுங்கள். இல்லாத உறவினருக்கு உடல்நலம் கெட்டுவிட்டதாகச் சொல்வது பழைய பழக்கம். இன்று ரயில் எங்கே நிற்கிறது என்பதை நேர்காணல் அறையில் இருந்தபடியே எவரும் கைப்பேசியில் பார்த்துவிடலாம். காரணத்தை விளக்க வேண்டிய பொறுப்பு தாமதித்தவரையே சாரும் என்பது நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று உறுதிப்பட்ட ஒன்று. அஜ்மீர் - ஜம்மு ரயில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாமதமானதால் 2016-இல் ஒரு பயணி ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டார். ரயில்வே அவருக்கு 30,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ஆணையை உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் உறுதிசெய்தது. தாமதம் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் நேர்ந்தது என்று ரயில்வே விளக்கி நிறுவியிருந்தால் பொறுப்பிலிருந்து விடுபட்டிருக்கலாம். அப்படி எந்த விளக்கமும் தரப்படவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. ரயில்வே போன்ற பெரிய நிறுவனத்துக்கே மௌனம் காப்பாக அமையவில்லை என்றால் தனிமனிதருக்கு எப்படி அமையும்?

ஜப்பானில் ரயில் தாமதமானால் பயணிகளுக்குத் 'தாமதச் சான்றிதழ்' வழங்கப்படுகிறது. அதை அலுவலகத்திலோ பள்ளியிலோ காட்டலாம். நம்மிடம் அத்தகைய வழக்கமில்லை. எனினும், நின்றுபோன பேருந்தின் பயணச்சீட்டையும், ரயிலின் நிலையைக் காட்டும் கைப்பேசித் திரையின் படத்தையும் வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. கேட்டால் காட்டுங்கள், கேட்காமல் நீட்ட வேண்டாம்.

சென்று சேர்ந்ததும் ஒருமுறை வருத்தம் தெரிவியுங்கள். காத்திருந்ததற்கு நன்றி சொல்லுங்கள். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். பேருந்தின் கதையை விரித்துரைப்பவர், தம் திறமையைச் சொல்ல வேண்டிய நிமிடங்களைத் தாமதத்துக்கே செலவிடுகிறார். 'இன்று சந்திக்க இயலாது' என்று அவர்கள் சொன்னால் வாதிடாமல், வேறொரு நாள் கிடைக்குமா என்று கேளுங்கள். அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்குப் பதில் வராமலும் போகலாம். ஆனால் கதவைச் சாத்தியவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. தகவல் சொல்லிவிட்டால் தாமதிக்கலாம் என்று எவரும் கருதிவிடக் கூடாது. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. குற்ற உணர்வோடு ஓடிவந்தவர்கள், கட்டணம் செலுத்திவிட்டோம் என்ற நிம்மதியோடு மெதுவாக வரத் தொடங்கினார்கள். யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகினி ஆகிய பொருளியலாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இது. தொலைபேசி அழைப்பும் அப்படி ஒரு கட்டணமாகிவிடக் கூடாது. மேலும், போட்டித் தேர்வுகளுக்கு இந்த வழி பொருந்தாது. நீட் தேர்வு பிற்பகல் இரண்டு மணிக்கு என்றால் ஒன்றரை மணிக்கு வாயில் மூடப்படும். ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே விதி என்பதால் அங்கே எந்த அழைப்பும் எடுபடாது. மனிதர் முடிவெடுக்கும் இடத்தில்தான் சொல்லுக்கு இடமுண்டு.

நிறுவனங்களுக்கும் இதில் கடமை இருக்கிறது. அழைப்புக் கடிதத்தில் யாரேனும் எடுத்துப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணை அச்சிடுவது பெரிய செலவன்று. நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருபவருக்குக் காலை ஒன்பது மணியை ஒதுக்காமல் நண்பகலை ஒதுக்கலாம். கடிதத்தில் உள்ள முகவரியைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். 'தாமதமாக நேர்ந்தால் இந்த எண்ணுக்குத் தெரிவிக்கவும்' என்ற ஒற்றை வரி, அழைப்பது துடுக்குத்தனம் என்று அஞ்சி வாய்மூடியிருக்கும் பிள்ளைக்கு அனுமதிச் சீட்டாக அமையும். தொலைவின் காரணமாகத் தகுதியுள்ளவரை இழப்பதில் நிறுவனத்துக்கும் இழப்புண்டு. அந்த இழப்பு அதன் கணக்கேட்டில் தெரிவதில்லை என்பதுதான் வேறுபாடு.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் நாள் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம், எங்களுக்கு அருகிலுள்ள வாலாஜா ரோடு. நிமிடக் கணக்கில் நேரம் பார்க்கும் தேவை ரயிலோடுதான் இப்பகுதிக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான பொது நேரம் 1906-இல் நடைமுறைக்கு வந்தது. கடிகாரத்துக்கு ஏற்ப வாழ நாம் கற்றுக்கொண்டு நெடுங்காலமாகிறது. கடிகாரத்தோடு ஒத்துப்போக இயலாத நாளில் என்ன பேசுவது என்பதையும் கற்றுத்தர வேண்டிய பொறுப்பு கல்லூரிகளுக்கு உண்டு. ஒவ்வொரு கல்லூரியின் வேலைவாய்ப்பு வழிகாட்டி மையமும் ஒரு வகுப்பு நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். அந்த ஐந்து வரிகளையும் மாணவர்களே எழுதி, உரக்கப் பேசிப் பழகட்டும். முதல் அழைப்பு வகுப்பறையில் நிகழ்ந்துவிட்டால், இரண்டாவது அழைப்பை நெடுஞ்சாலையில் நின்றுகொண்டு செய்யும்போது குரல் நடுங்காது.